கல் உள்ளபடி உள்ளது

முப்பத்தைந்து நிமிடம் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய்விட்டான் ஃபெலிக்ஸ். மூச்சு விடலாம் அய்யா, அதுக்கு மேல ஒரு வேலையும் செய்யாதீங்க, என்றான். சிரித்தேன். சிரிப்பதும் அதற்கு மேற்பட்ட வேலைதான் என்பது பிறகுதான் உறைத்தது. ஸ்கேன் இயந்திரத்தில் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் நான். மேல்தட்டு இறங்கி வந்து இடுப்புக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றிருக்கிறது. அதன் முகத்தில் கறுப்பு மையில் ஒரு கூட்டல் குறி. முப்பத்து மூன்று வருடம் கல்லின் தலையில் அந்தக் குறியை உளியால் வெட்டவைத்தவன் நான், நில அளவர், தாலுகாவில் பாதிப் பேருக்கு சர்வேயர் சென்னியப்பன் என்றால்தான் தெரியும், இன்றைக்கு அதே குறிக்கு அடியில் வேட்டி இல்லாமல் ஒரு பச்சைத் துணியை மூடிக்கொண்டு கிடக்கிறேன். குளிர். இந்தக் குளிர் எனக்கில்லை, இயந்திரத்துக்கு. அதற்கு வேர்க்கக் கூடாதாம். கூரையில் சதுரம் சதுரமாகப் பலகை, நீளவாக்கில் பதினொன்று, குறுக்கே ஏழு, ஏழாவது வரிசையில் ஒன்றில் தண்ணீர் ஒழுகிக் கறை, கறையின் வடக்குப் பக்கம் கோணலாக ஓடுகிறது, உட்பிரிவு செய்தால் மூன்றாகப் பிரிக்கலாம். வலது கையில் ஒரு ரப்பர் உருண்டை. ஏதாவதென்றால் அமுக்குங்க, உள்ள மணி அடிக்கும், வந்துருவேன். ஏதாவதென்றால் என்ன. எது ஏதாவது. உள்ளே இருக்கிற குழாயை நினைக்கக் கூடாது. நினைத்தால் எரிகிறது. நினைக்காவிட்டாலும் எரிகிறது, ஆனால் அது வேறு யாருக்கோ எரிகிற மாதிரி.

கோழி இறகின் தண்டு கனம்தான் இருக்கும். காட்டினான், போடுவதற்கு முன்னால். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற குழாய், அதில் படத்தில் தானே வெளிச்சம் காட்டுகிற மணிகள், ஐந்து சின்னது, ஆறாவது மட்டும் கொஞ்சம் பெரிது. மூத்திரம் வருகிற வழியிலேயே அதை மேலே ஏற்றினார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் புராஸ்டேட் கட்டியை எடுத்துவிட்டுப் மூத்திரப்பையையும் மூத்திரக் குழாயையும் இழுத்துத் தைத்த இடம் ஒன்று உள்ளே இருக்கிறது, அந்தத் தையலில் பெரிய மணி போய் நிற்கவேண்டும். டாக்டர் கோமதி எக்ஸ்ரே பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் என்றாள். என் பேத்தி வயசு இல்லை, மகள் வயசு இருக்கும். முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவள். போன புதன்கிழமை எடுத்த படத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கு, அது என்னன்னு தெரியணும், என்றாள். ஊசியில் ஏற்றுகிற மருந்து நோய் இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து வெளிச்சம் காட்டுமாம். மூத்திரத்திலும் இறங்குமாம், அங்கேயும் அதே வெளிச்சம். பொட்டு பெரிய மணியின் மேலேயே விழுந்தால் தையலில் தேங்கிய மூத்திரம், வீட்டுக்குப் போகலாம். ஒரு விரற்கடை தள்ளி விழுந்தால் நோய் திரும்ப வந்துவிட்டது. வந்திருந்தால் கரண்டு, அதாவது ரேடியேஷன், வைக்கணும், மாசாமாசம் ஊசி, அது எலும்பைத் தின்னும், தூக்கத்தைத் தின்னும், ஆனா ஆளை நிறுத்தி வைக்கலாம், இப்பவே கண்டுபிடிச்சா. இப்பவே என்பதை மட்டும் அழுத்திச் சொன்னாள். ஃபெலிக்ஸ் எனக்குப் புரியவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னான், நாகர்கோவில் பக்கத்துப் பையன், நீட்டி நீட்டிப் பேசுவான். படத்துல வெளிச்சம் மட்டும்தான் விழும் அய்யா, ஊரே தெரியாது. ராத்திரி வெளக்கு மட்டும் தெரியுத மாதிரி. எந்த வெளக்கு எந்தத் தெருவுலன்னு சொல்ல நாமளே ஒரு அடையாளம் கொண்டுபோய் வைக்கணும்லா. சர்வே கல்லு மாதிரிங்களா, என்றேன். அதேதான், ஆனா வேல முடிஞ்சதும் உருவி எடுத்துருவோம். எங்க கல்லையும் எடுத்துருவாங்க தம்பி, என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான். சொன்ன பிறகு நாக்கில் ஏதோ கசந்தது, காலையில் குடித்த மருந்தாக இருக்கும்.

எண்ணெய். காலையில் சம்பூரணம் எண்ணெய் வைத்துவிட்டாள். புதன்கிழமை, ஆம்பளைக எண்ணெய் வெச்சுக் குளிக்கற நாள், ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு நாளைத் தள்ளலாமா என்றாள். நாற்பத்தைந்து வருடமாக ஒரு புதன், ஒரு சனி விட்டதில்லை. இடுப்பு வலிக்கிறது என்று சொன்னதால் இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் வழித்து வழித்துத் தேய்த்தாள், சீயக்காய் போட்டும் போகாத எண்ணெய். எண்ணெய் பவுடர் எதுவும் கூடாது என்று சீட்டில் அச்சடித்திருக்கிறார்கள், நான் படித்தேன், படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த முகம். நோய்க்குப் பயந்து நாளை விட்டுவிட்டோமே என்கிற முகம். குழாயைத் தொடையோடு சேர்த்து பிளாஸ்திரி ஒட்டும்போது ஃபெலிக்ஸ் திட்டினான். என்ன அய்யா, பலகாரம் சுட்ட சட்டி மாதிரி வந்திருக்கீங்க, எங்க ஒட்டும் இது. ஸ்பிரிட்டால் துடைத்தான், ஒட்டினான், கிளம்பியது, இன்னொரு முறை துடைத்து இரண்டு பிளாஸ்திரி குறுக்கே போட்டான். குழாய் வெளியே வருகிற இடத்தில் நீலப் பேனாவால் ஒரு கோடு. இந்தக் கோடு இங்கேயே இருக்கணும், என்றான், நகந்தா படம் குப்பை, திரும்ப முதல்ல இருந்து. மருந்து புதன்கிழமைதான் ஃபிளைட்ல வரும், அடுத்த வாரம் திரும்ப ஊசி, திரும்ப குழாய். திரும்பக் குழாய் என்றபோது என் கால் தானாக ஒடுங்கியது. அவன் பார்த்தான்.

எத்தனை நிமிடம் ஆகியிருக்கும். கண்ணை ஓரமாகத் திருப்பினால் சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் தெரிகிறது, பதினொன்று பத்துக்கு ஆரம்பித்தார்கள், இப்போது பதினேழு. ஏழு நிமிடம். தொண்டையில் ஒரு நூல் இருக்கிறது. குளிரால். இந்த நூலை நினைக்கக் கூடாது. வெளியில் சம்பூரணம் நீல நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், கையில் ஒயர் கூடை, கூடையில் தண்ணீர், ரொட்டி, விபூதி. பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் இந்நேரம் என் கதை முழுவதும் சொல்லியிருப்பாள், எங்கூட்டுக்காரரு ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நெனைக்காதவருங்க, அவருக்குப் போயி. இதை அவள் எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்கிறாள். ஒரு தடவை என் முன்னாலேயே சொன்னாள், நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். நூல் கயிறாகிக்கொண்டிருக்கிறது. எச்சிலை விழுங்கினால் அடங்கும். விழுங்கினேன். அடங்கவில்லை. வேறு எதையாவது. கறைப் பலகை, வடக்கு எல்லை, கோணல். கோணலான வடக்கு எல்லை ஒன்று நான் அளந்திருக்கிறேன். ஆவணி மாதம், வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர், வேண்டாம், அது வேண்டாம். பதினொன்று பதினெட்டு. எதற்கு அது வருகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மூன்று ஊர் எல்லை சேர்கிற இடத்தில் முச்சந்திக் கல், அரசாங்கம் நட்டது, ஆனை மோதினாலும் அசையாது, அதிலிருந்து அளந்துகொண்டு வந்தால் யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் பாலம் இரண்டு மைல். இந்தப் பக்கம் வயல் மூலையிலேயே ஒரு கல் இருந்தது. இருமல் வந்துவிட்டது.

ஒரே ஒரு இருமல். வாயை மூடி, பல்லைக் கடித்து, வயிற்றுக்குள்ளேயே அதை வெடிக்கவிட்டேன். அதுதான் தப்பு, வாய்வழியாக விட்டிருக்கவேண்டும். வயிறு எக்கியது, தொடை துள்ளியது, பிளாஸ்திரி எண்ணெயில் வழுக்கிக்கொண்டு விடுபட்டதை உணர்ந்தேன், சத்தம்கூட இல்லை, ஈரமான இலை கையிலிருந்து நழுவுகிற மாதிரி. பிறகு உள்ளே ஒரு இழுவை. ஒரு விரற்கடை. அரை விரல் இல்லை, இரண்டு விரல் இல்லை, ஒரு விரற்கடை, அளந்து சொல்வேன், அளப்பதுதான் என் தொழில். பெரிய மணி தையலைத் தாண்டிக் கீழே இறங்கி எங்கேயோ நின்றது. நின்றதும் எரிச்சல் போய்விட்டது. அதுதான் கொடுமை, சுகமாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஃபெலிக்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருக்கிறான், அடுத்த ஆளுக்கு ஊசி போட்டாச்சு, நேரத்தைத் தவறவிட்டா மருந்து செத்துப்போவும், சீக்கிரம் துணி மாத்தச் சொல்லுங்க. உருண்டை என் உள்ளங்கையில் இருக்கிறது. அமுக்கவேண்டும். அமுக்கினால் வருவான், துணியைத் தூக்குவான், நீலக் கோட்டைப் பார்ப்பான், அய்யோ அய்யா என்பான், டாக்டர் கோமதி வருவாள், முகத்தைப் பார்க்காமல் அடுத்த புதன் என்பாள். அடுத்த புதன் வரைக்கும் ஏழு நாள், ஏழு ராத்திரி, சம்பூரணத்தின் ஏழு கோயில், அப்புறம் அந்த இறகுத் தண்டு திரும்ப உள்ளே. அமுக்குகிறேன். ஒரு நிமிடம் கழித்து அமுக்குகிறேன். இப்போதே அமுக்கினாலும் ஒரு நிமிடம் கழித்து அமுக்கினாலும் படம் குப்பைதான், அவசரம் என்ன. பத்தொன்பது.

சார், கல்லுக்கடியில மண்ணு புதுசா இருக்குங்க. அந்த ஆவணியில் மாரப்பன் சொன்னான். செயின்மேன், சங்கிலி பிடிக்கிற ஆள், பத்து வருடம் என்னோடு சங்கிலி இழுத்தவன், வெற்றிலை போட்ட வாய். நான் குனிந்து பார்த்தேன். மண் புதுசுதான். கல்லைச் சுற்றிப் புல் இல்லை. மூன்று எட்டு கிழக்கே ஒரு குழி, மேலே சருகு பரப்பி வைத்திருந்தார்கள், சருகு வேம்பு, பக்கத்தில் வேப்பமரமே இல்லை. கல் மூன்று எட்டு நடந்து வந்திருந்தது. பக்கத்துக் காட்டுக்காரன் நல்லசிவம் வரப்பு மேலே குடையோடு நின்றுகொண்டிருந்தான், என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தான். அவன் வீட்டுப் பக்கமிருந்து நாட்டுக்கோழி வறுக்கிற வாசம் வந்தது. அதற்காக இல்லை. இதை நான் முப்பத்தோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கோழிக்காக இல்லை, ஒரு பைசா நான் வாங்கியதில்லை, சாப்பாடு போட்டார்கள், எல்லா ஊரிலும் போடுவார்கள், சாப்பிட்டேன். வெயில்தான் காரணம். பாலம் இரண்டு மைல், போக வர நாலு, முச்சந்திக் கல்லைச் சுற்றிச் சீமைக்கருவேல முள், அதை வெட்டவே ஒரு பகல் போகும். பிடி சங்கிலிய, என்றேன். மாரப்பன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். செரிங்க என்றான். பிடித்தான். அளந்தோம். கிணறு அக்கட்டால, நல்லசிவத்தின் பக்கம், போய்விட்டது. இந்தப் பக்கத்துக் காட்டுக்காரி பாவாத்தாளின் புருசன் நாலு கோடையாகக் கூலி ஆள்கூட வைக்காமல் தானே வெட்டி, ஐந்தாம் வருடம் தண்ணீர் கண்டு, ஆறாம் வருடம் செத்துப்போன கிணறு. வரைபடத்தில் நீல மையில் ஒரு சின்ன வட்டம். வட்டம் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது, அந்தப் பக்கம் போனது. அவள் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லை அவளும் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா, தினமும் அதன் மேல் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தவள். இந்தக் கல்லு இங்கீங்களா இருந்துது சாமி, என்று கேட்டாள். மெதுவாக, தனக்குத்தான் ஞாபகப் பிசகோ என்று சந்தேகப்படுகிற குரல். கல்லு இருக்கற எடத்துலதானம்மா இருக்கும், என்றேன். நல்லசிவம் சிரித்தான். நானும் சிரித்தேனா. சிரித்திருக்கமாட்டேன். அறிக்கையில் எழுதினேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும், கல் உள்ளபடி உள்ளது. மைப்பெட்டியில் அவள் கட்டைவிரலைப் பிடித்து அமுக்கிக்கொண்டே கேட்டேன், ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே. கேட்கும்போதே ரேகை விழுந்துவிட்டது. அப்படித்தான் கேட்பது. எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். நீங்க சொன்னாச் செரிங்க, என்றாள், கையைக் கூப்பினாள், விரலில் மை.

இருபத்தெட்டு. உருண்டை வேர்த்திருக்கிறது, என் கைதான் வேர்த்திருக்கிறது, இந்தக் குளிரில். ஒன்று யோசிக்கிறேன். மணி கீழே இறங்கிவிட்டது. பொட்டு எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. பொட்டு தையலில் இருந்தால், மணி விலகியதால் தள்ளித் தெரியும், மூத்திரத்தை நோய் என்பார்கள், சும்மா இருக்கிற உடம்புக்குக் கரண்டு வைப்பார்கள். பொட்டு தையலுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தால், அதாவது நோய் வந்திருந்தால், மணி சரியாக அதன் மேல் போய் உட்கார்ந்திருக்கும், ஒன்றுமில்லை வீட்டுக்குப் போங்கள் என்பார்கள். ஆக இனி இவர்கள் நல்லது சொன்னால் அது கெட்டது, கெட்டது சொன்னால் நல்லது. இவ்வளவு தெளிவாகப் புரிகிறது. புரிந்தும் கை அமுக்கவில்லை. ஒரு கல்லைக் கொஞ்சம் நகர்த்தினால் என்ன ஆகும் என்று இந்தக் கட்டடத்தில் என்னைவிடத் தெரிந்தவன் யார். அவளுக்கு என்ன ஆயிற்று. முதல் வருடம் நல்லசிவம் காலையில் இரண்டு குடம் சேந்திக்கொள்ள விட்டான். இரண்டாம் வருடம் மோட்டார் வைத்தான், கிணற்றைச் சுற்றி முள் அடைத்தான். அவள் காடு காய்ந்தது. ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு கூட்டப் போனாள். மனுக் கொடுக்கத் தாலுகா ஆபீசுக்கு வந்தாள், ஒரு தடவை மறுபடி அளந்து பாக்க முடியுங்களா என்றாள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அளந்தது அளந்ததுதாம்மா, என்றேன், வேற ஒருத்தர் வந்தாலும் அந்தக் கல்லுல இருந்துதான அளக்கோணும். இதைவிடப் பெரிய உண்மையை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. ரிட்டையரான பிறகு ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன், கூனிவிட்டிருந்தாள், அவள்தான் என்னை அடையாளம் கண்டாள். சர்வேயரய்யா, நல்லா இருக்கீங்களா. எழுந்து நின்று கேட்டாள். குத்தலே இல்லை அந்தக் குரலில், தேடிப் பார்த்தேன், இல்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால் போலீஸ் அது இதென்று அதட்டிவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன். நல்லா இருக்கறேன் ஆத்தா, என்றேன். அந்த வருடம்தான் கட்டி தெரிந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் இருந்தால்கூடத் தேவலை, யாரோ கணக்காக அளக்கிறான் என்று ஆகும். யாரும் அளப்பதில்லை. எல்லோரும் கிட்டத்தில் இருக்கிற கல்லிலிருந்து அளந்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். முப்பத்தாறு. முப்பத்தேழு. அமுக்கினால் இப்போதும் நேரம் இருக்கிறது. பதினொன்று நாற்பத்தைந்துக்கு மேல்தட்டு தானாக மேலே எழுந்தது.

ஃபெலிக்ஸ் ஓடிவந்தான், நடக்கவில்லை, ஓடிவந்தான், அடுத்த ஆள் கதவுக்கு வெளியே பச்சைத் துணியோடு நிற்கிறார். சூப்பரா கெடந்தீங்க அய்யா, செத்த பொணம் தோத்துச்சு. துணிக்குள் கையை விட்டான், குழாயைப் பிடித்தான், இழுக்கும்போது முகத்தை வாசல் பக்கம் திருப்பி, வாங்க சார் வாங்க, என்று அவரைக் கூப்பிட்டான். ட்யூப் ஒண்ணும் நகரலைல்லா, என்று கேட்டான், கேட்கும்போதே உருவிவிட்டான். ஆறு மணிகளும் ஈரத்தோடு வெளிச்சத்துக்கு வந்து ஈயப் பெட்டிக்குள் போயின. நீலக் கோடும் போயிற்று. இல்லைங்க தம்பி, என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. அவன் பலகையில் செருகிய தாளில் ஒரு கட்டத்தில் சரி போட்டான். பேனா அதே நீலம்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் கோமதி கூப்பிட்டாள். சம்பூரணம் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கறுப்புத் திரையில் வெளிச்சப் புள்ளிகள் ஒரு வரிசையாக, ராத்திரி வாய்க்கால் கரையில் டார்ச் அடித்துக்கொண்டு ஆட்கள் போகிற மாதிரி. கடைசியில் பெரியது. பாருங்க, என்று பென்சில் முனையால் தொட்டுக் காட்டினாள், போன வாரம் பார்த்த பொட்டு, இது நம்ம மார்க்கர், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு, ஒரு மில்லிமீட்டர்கூட விலகலை. தையல்ல தேங்கின யூரின்தான். நோய் இல்லை. ரத்தப் பரிசோதனையில புராஸ்டேட் நம்பர் கொஞ்சம் ஏறினதுக்கு வேற காரணம் இருக்கலாம், ஆறு மாசம் கழிச்சு வாங்க போதும். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள், நல்ல சிரிப்பு. சம்பூரணம் அழுதாள், விபூதியை எடுத்து என் நெற்றியில் அப்பினாள், நாஞ் சொன்னனல்லங்க, ஒரு புதங்கெழமைகூட விடலையே நாம, என்றாள். விபூதி கண்ணில் விழுந்தது. திரையில் பெரிய புள்ளியை ஒரு கண்ணால் பார்த்தேன், ஒரு விரற்கடை மேலே விரலை வைத்து மணி இங்கேதாம்மா இருந்தது என்று சொல்வதற்கு ஒரு அடி எடுத்துவைத்தால் போதும், திரை எட்டுகிற தூரம்தான், பாலம் ஒன்றும் சுற்றவேண்டியதில்லை. ஏதாவது கேக்கணுமா சார், என்று டாக்டர் கேட்டுக்கொண்டே அடுத்த ஆளின் உறையைப் பிரித்தாள். என் இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே கூடியிருப்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

நீங்க சொன்னாச் செரிங்க, என்றேன்.